ஒப்பந்த நிறுவனத்துக்கு வேண்டியவர்: ஆள் தெரிந்தவரா, வேலை தெரிந்தவரா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உறுப்பினர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆன்மிகம் பேச இங்கே என்னைவிட யோக்கியதை உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து மத்திய அரசில் சேர்ந்து, உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைக் கொள்முதல், ஒப்பந்தப் பிரிவுகளில் கழித்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த விஷயத்தையே எடுத்துக்கொள்கிறேன். அரசாங்க ஒப்பந்தங்களை நம்பி நடக்கும் ஒரு நிறுவனம், தன் வேலைகளையெல்லாம் நடத்திக் கொடுக்கும் தலைமை அதிகாரியை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே இன்றைய விஷயம். சில இடங்களில் அவரை வைஸ் பிரசிடென்ட் ஆபரேஷன்ஸ் என்பார்கள். சில இடங்களில் சி.ஓ.ஓ. என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் பிள்ளைகளும் பெண்களும் பல நகரங்களில் இப்படிப்பட்ட நிறுவனங்களில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேஜைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்றைக்காவது உட்காரப் போகிறவர்கள். இரண்டாவது, நம் உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் கணிசம். பிரிவு உபசாரத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் அவர்களுக்கு டெலிபோன் வந்துவிடுகிறது. "சார், உங்கள் அனுபவம் எங்களுக்கு வேண்டும்" என்கிறார்கள். அவர்கள் கேட்பது அனுபவத்தைத்தானா, வேறு எதையாவதா என்று நாம் நிதானமாக யோசிக்க வேண்டும்.

அந்த நாற்காலியின் வேலை

முதலில் அந்த நாற்காலியில் உட்காருபவர் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். இது தெளிவாகாமல் ஆளைத் தேடுவது, ஜாதகம் பார்க்காமல் முகூர்த்தப் பத்திரிகை அடிப்பதைப் போன்றது.

தனியார் வாடிக்கையாளரிடம் ஒரு வேலையில் சிக்கல் வந்தால், முதலாளியும் முதலாளியும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அரசாங்கத்தில் அது நடக்காது. எழுதப்பட்ட ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். அதற்கு வெளியே ஒரு ரூபாய் கொடுத்தாலும் அந்த அதிகாரி தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த அடிப்படையைப் புரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள், "இந்த ஆபீசர்கள் எதற்கும் முடிவு எடுப்பதில்லை" என்று புலம்பிக்கொண்டே பதவிக் காலத்தை முடிக்கிறார்கள்.

வேலையின் படிகளைப் பாருங்கள். டெண்டர் போடும்போதே முன்பணம் கட்ட வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி அது மதிப்பீட்டுத் தொகையில் 2 முதல் 5 சதவீதம். வேலை கிடைத்ததும் செயல்திறனுக்கான பாங்க் கியாரண்டி. பிறகு ஆட்கள், சாமான்கள், இயந்திரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அளவெடுத்து மெஷர்மெண்ட் புக்கில் பதிய வேண்டும். அதன்பேரில் ரன்னிங் பில். தாமதமானால் அபராதம், வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் பத்து சதவீதம் என்று பல ஒப்பந்தங்களில் காணலாம். வேலை முடிந்த பிறகும் பழுது பார்க்கும் பொறுப்புக் காலம் ஒன்று உண்டு. அதுவும் தீர்ந்து, இறுதி பில் பாஸாகி, பாங்க் கியாரண்டி திரும்பி வந்தால்தான் அந்த வேலை உண்மையில் முடிந்ததாக அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஓராண்டுக்கு 24 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2 கோடிக்கு வேலை நடக்கிறது. லாபம் எட்டு சதவீதம், அதாவது மாதம் 16 லட்சம். மூன்று மாத பில்கள் தேங்கிவிட்டால் 6 கோடி வெளியே நிற்கிறது. அதற்குப் பன்னிரண்டு சதவீத வட்டி என்றால் மாதம் 6 லட்சம். லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. இதில் யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. பில் சரியாகப் போகவில்லை, அவ்வளவுதான்.

பில் தாமதத்துக்கு எல்லாரும் அரசாங்கத்தையே குறை சொல்வார்கள். மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபர் 29 அன்று வெளியிட்ட பொது அறிவுறுத்தல்களில், ரன்னிங் பில் கொடுத்த பத்து வேலை நாட்களுக்குள் தகுதியான தொகையில் குறைந்தது 75 சதவீதத்தையும், மீதியை 28 வேலை நாட்களுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையைப் பெற, பில் குறையில்லாமல் போயிருக்க வேண்டும். அளவு, சோதனை அறிக்கை, கூலிப் பதிவேடு, வரிக் காகிதங்கள் இவற்றில் ஒன்று குறைந்தாலும் கடிகாரம் ஓட ஆரம்பிக்காது. சைட்டில் இருக்கும் இன்ஜினியரையும் ஆபீசில் இருக்கும் பில் கிளார்க்கையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆபரேஷன்ஸ் தலைவர்.

தாமதங்களைப் பதிவு செய்வதும் அவர் வேலைதான். இடம் ஒப்படைக்கப்படவில்லை, வரைபடம் வரவில்லை என்றால் அன்றைக்கே ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதும் கடிதத்துக்கு மதிப்பில்லை. முன்பெல்லாம் "பார்த்துக்கொள்ளலாம், ஆர்பிட்ரேஷன் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூனில் நிதி அமைச்சகம், பத்து கோடிக்கு மேற்பட்ட தாவாக்களுக்கு ஆர்பிட்ரேஷன் ஷரத்தை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஆகவே பதிவேட்டின் மதிப்பு இப்போது இன்னும் கூடியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியாட்கள். காண்டிராக்டர் கூலி கொடுக்கவில்லையென்றால், கொடுக்க வேண்டிய பொறுப்பு வேலை கொடுத்த துறையின் மேல் விழும். துறை அதைப் பில்லில் பிடித்துக்கொள்ளும். 2025 நவம்பர் 21 முதல் இருபத்தொன்பது பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இதைக்கூடப் படிக்காமல் ஒருவர் ஆயிரம் பேரை வேலை வாங்கும் நாற்காலியில் உட்காரக் கூடாது.

ஏன் 'ஆள் தெரிந்தவரை'த் தேடுகிறார்கள்?

இவ்வளவு இருக்க, பல முதலாளிகள் தேடுவது என்ன? "அந்தத் துறையில் யாரையெல்லாம் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. இதை முழுக்கக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் மாட்டிக்கொண்டிருக்கும் மனிதன், கதவைத் தட்டினால் திறக்கிற ஒருவரைத் தேடுவது இயற்கை. ஆனால் அது பலன் தருமா என்று பார்க்க வேண்டும்.

முதலாவதாக, அதிகாரிகள் மாறுகிறார்கள். இன்றைக்குத் தெரிந்தவர் அடுத்த வருஷம் வேறு ஊரில் இருப்பார். இரண்டாவதாக, நடைமுறை மாறிவிட்டது. டெண்டர்கள் கம்ப்யூட்டரில் திறக்கப்படுகின்றன. 2016இல் தொடங்கிய ஜெம் என்ற அரசு மின் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் முகம் பார்க்காமலேயே பெரும்பகுதி காரியம் நடக்கிறது. மூன்றாவதாக, சட்டம் மாறிவிட்டது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஊழல் தடுப்புச் சட்டம் 1988இல் வந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். லஞ்சம் கொடுப்பதே தனிக் குற்றமாயிற்று. ஒரு வணிக நிறுவனத்துக்காகச் செயல்படும் யார் லஞ்சம் கொடுத்தாலும், அவர் ஊழியரானாலும் ஏஜெண்டானாலும், நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் இயக்குநர், மேலாளர் போன்ற பொறுப்பாளரின் சம்மதத்தோடோ கண்டும் காணாமல் விட்டதாலோ அது நடந்ததென்று நிரூபணமானால், அவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரே வழி, இப்படி நடக்காதபடி போதுமான ஏற்பாடுகள் செய்திருந்தோம் என்று காட்டுவது. 'ஆலோசகர்' என்ற பெயரில் ஒருவரை வைத்து அவர் என்ன செய்கிறார் என்று கேட்காமல் இருப்பது ஏற்பாடு ஆகாது. இதற்கு மேல், ஒழுங்கு நெறியை மீறிய டெண்டர்தாரரை இரண்டு ஆண்டுகள் வரை ஒதுக்கிவைக்கவும் பொது நிதி விதிகளில் இடம் இருக்கிறது. அரசாங்க வேலையையே நம்பியிருக்கும் நிறுவனத்துக்கு இரண்டு வருஷம் என்பது மூடுவிழா.

அமெரிக்காவில் நடந்த ஒன்று

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க விமானப்படையின் கொள்முதல் பிரிவில் மிக உயர்ந்த சிவில் அதிகாரியாக இருந்தவர் டார்லீன் டிரூயன் என்ற அம்மையார். கெட்டிக்காரர், கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். போயிங் நிறுவனத்திடமிருந்து நூறு எரிபொருள் நிரப்பும் விமானங்களைக் குத்தகைக்கு எடுக்கும் பேரத்தை அவர்தான் நடத்திக்கொண்டிருந்தார். அவர் மகளும் மருமகனும் போயிங்கில் வேலையில் இருந்தார்கள்.

2002இல் அவர் ஓய்வு பெறும் சமயம் வந்தது. மகள் மூலமாகவே பேச்சு ஆரம்பித்தது. அந்த அக்டோபரில் போயிங்கின் நிதித் தலைவர் மைக்கேல் சியர்ஸ் அவரை ஆர்லாண்டோ விமான நிலையத்தில் சந்தித்து வேலை பற்றிப் பேசினார். போயிங் சம்பந்தப்பட்ட கோப்புகளிலிருந்து அம்மையார் எழுத்து மூலம் விலகியது அதற்குப் பிறகு, நவம்பரில்தான். 2003 ஜனவரியில் போயிங்கின் ஏவுகணைத் தடுப்புப் பிரிவில் துணைப் பொது மேலாளராகச் சேர்ந்தார்.

அந்த வருஷம் நவம்பரிலேயே இருவரையும் நிறுவனம் வெளியேற்றியது. அடுத்த மாதம் போயிங்கின் தலைமை அதிகாரி ஃபில் காண்டிட் ராஜினாமா செய்தார். 2004இல் டிரூயனுக்கு ஒன்பது மாதச் சிறை. 2005இல் சியர்ஸுக்கு நான்கு மாதம். போகும்போது கொடுக்கும் பரிசு போலத் தாம் சரியென்று எண்ணியதைவிட அதிக விலைக்கு ஒப்புக்கொண்டதை டிரூயன் நீதிமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். இந்த விவகாரத்தையும், போட்டி நிறுவனத்தின் ராக்கெட் ஆவணங்கள் பற்றிய வேறொரு விவகாரத்தையும் சேர்த்து, போயிங் 2006இல் 61.5 கோடி டாலர் கொடுத்து அரசாங்கத்துடன் சமாதானம் செய்துகொண்டது. குத்தகைத் திட்டம் கைவிடப்பட்டது. விமானப் படைக்கு அந்த ரக விமானங்களுக்கான ஒப்பந்தம் முடிவாக 2011 ஆயிற்று. அதுவும் புதுப் போட்டியில் போயிங்குக்கே கிடைத்தது என்பதுதான் வேடிக்கை.

டிரூயனுக்கு வேலை தெரியாதா? நன்றாகத் தெரியும். நேர்மையாக ஓய்வு பெற்று, காலம் கடத்தி, வேறு இடத்தில் சேர்ந்திருந்தால் அவர் அறிவு யாருக்கும் பயன்பட்டிருக்கும். பேரம் கையில் இருக்கும்போதே நாற்காலியையும் பேசியதுதான் வினை. வேலைக்கு அழைத்தவருக்கும் சிறை என்பதை, ஆள் எடுக்கும் இடத்தில் உட்காரும் நம் பிள்ளைகள் மறக்கக் கூடாது.

நம் நாட்டு விதி

நம் மத்திய அரசின் பென்ஷன் விதிகளில், குரூப் 'ஏ' அதிகாரியாக ஓய்வு பெற்றவர் ஓராண்டுக்குள் வணிக நிறுவனத்தில் வேலை ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பு இது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அனுமதி இல்லாமல் சேர்ந்தால் பென்ஷனையே முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, கன்சல்டண்ட் மட்டும்தான் என்று சொல்லித் தப்பவும் பார்க்கக் கூடாது. ஆலோசனைத் தொழிலும் சில சந்தர்ப்பங்களில் அதற்குள் வருகிறது.

ஓராண்டு கடந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நான் நினைக்கவில்லை. விதி சொல்வது குறைந்தபட்சம். நாம் கையெழுத்திட்ட கோப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது எதிர்த் தரப்பில் போய் உட்காருவது, எத்தனை வருஷம் ஆனாலும் அழகில்லை.

இதனால் ஓய்வு பெற்றவர் யாரும் வேலைக்கே போகக் கூடாது என்று அர்த்தமல்ல. ஈ. ஸ்ரீதரன் 1990இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கொங்கண் ரயில்வேயை நடத்தினார். பிறகு தில்லி மெட்ரோவை 2011 வரை நடத்தினார். அவை அரசு நிறுவனங்கள்தான், ஒப்பந்தக் கம்பெனிகள் அல்ல. ஆனாலும் அவரை அழைத்தது அவர் வேலையை முடிப்பார் என்பதற்காக. அவருக்கு யாரைத் தெரியும் என்பதற்காக அல்ல.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நடுத்தர நிறுவனம் இந்தப் பதவிக்கான தேர்வுக் குழுவில் வெளியாள் என்ற முறையில் என்னை அழைத்தது. குடிநீர் நிலையங்களையும் அரசுக் கட்டிடங்களையும் பராமரிக்கும் ஒப்பந்தங்கள் எடுக்கும் நிறுவனம். கடைசிச் சுற்றில் மூன்று பேர். முதலாமவர் ஓய்வு பெற்ற உயர் அதிகாரி. இரண்டாமவர் பெரிய தொழிற்சாலையில் உற்பத்தி மேலாளர். மூன்றாமவர் டிப்ளமா படித்து சைட்டிலிருந்து மேலே வந்தவர். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும்.

மூவரிடமும் நான் ஒரே கேள்வி கேட்டேன். "நீங்கள் நடத்தி, இறுதி பில் வரை முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். எத்தனை நாள் தாமதம், எவ்வளவு அபராதம், பாங்க் கியாரண்டி எப்போது திரும்பியது?" முதலாமவர் தமக்குத் தெரிந்த பெயர்களைச் சொன்னார். இரண்டாமவர் இயந்திரங்களைப் பற்றி அருமையாகப் பேசினார். ஆனால் அரசாங்க பில் எப்படி நகரும் என்று தெரியாது. மூன்றாமவர் பையைத் திறந்து மூன்று வேலைகளின் முடிவுக் காகிதங்களை மேஜையில் வைத்தார். ஒன்றில் அபராதம் பிடித்திருந்தார்கள். ஏன் பிடித்தார்கள், அதில் தன் பக்கத்துத் தவறு எவ்வளவு என்று அவரே சொன்னார்.

முதலாளிக்கு முதலாமவர் மேல் கண். நான் என் அபிப்பிராயத்தை எழுத்தில் கொடுத்தேன். நீண்ட யோசனைக்குப் பிறகு மூன்றாமவரை எடுத்தார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு அந்த நிறுவனம் என்னைத் தேர்வுக் குழுவுக்கு அழைக்கவில்லை!

திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஆளை ஆராய்ந்து நம்புவது ஒன்று. அவரவர்க்கு ஏற்ற வேலையைக் கொடுப்பது மற்றொன்று. இரண்டையும் வள்ளுவர் ஏன் பிரித்து வைத்தார் என்பது அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. முதலாமவர் நம்பத் தகாதவர் அல்ல. அந்த வேலைக்கு உரியவர் அல்ல.

ஆள் எடுக்கிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று: மேலதிகாரியிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். அவரிடம் வேலை பார்த்த ஸ்டோர் கீப்பரிடமும், சப் காண்டிராக்டரிடமும் விசாரியுங்கள். கூலி தேதி தவறாமல் போனதா என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

இரண்டு: டெண்டர் விலை போடும்போது அவருடைய கையெழுத்தும் இருக்கட்டும். "இந்த விலைக்கு இந்த வேலை முடியாது" என்று சொல்லும் உரிமை இல்லாதவரிடம், வேலை முடியவில்லை என்று பிறகு கோபிப்பது நியாயமல்ல. குறைந்த விலை போட்டு வேலையைப் பிடிப்பவர் ஒருவர், அதைச் சுமப்பவர் வேறொருவர் என்றால் இழுபறிதான்.

மூன்று: போனஸை எத்தனை டெண்டர் கிடைத்தது என்பதோடு சேர்க்காதீர்கள். எத்தனை வேலை இறுதி பில்லோடு முடிந்தது, எத்தனை கியாரண்டி திரும்பியது என்பதோடு சேருங்கள். எதற்குப் பணம் கொடுக்கிறீர்களோ அதுதான் நடக்கும்.

நான்கு: அரசுப் பணியிலிருந்து வருபவரானால், ஓய்வு தேதி, அனுமதிக் கடிதம், கடைசி ஆண்டுகளில் உங்கள் நிறுவனம் சம்பந்தமாக அவர் பார்த்த கோப்புகள் ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். அவர் சர்வீசில் இருக்கும்போது வேலை பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டெலிபோன் வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு என்ன வேலை, அதை எழுத்தில் தருவீர்களா? யாரிடம் நான் போய்ப் பேச வேண்டியிருக்கும்? எனக்கு யாரையும் தெரியாது என்றால்கூட இதே சம்பளத்துக்கு எடுப்பீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அவர்களுக்கு வேண்டியது உங்கள் மூளை அல்ல, உங்கள் டெலிபோன் டைரி என்று தெரிந்துகொள்ளலாம். முப்பது நாற்பது வருஷம் நாணயமாகச் சேர்த்த பெயரை இரண்டு வருஷச் சம்பளத்துக்கு அடகு வைக்க வேண்டாம். பென்ஷன் நமக்குப் போதும். பேரப் பிள்ளைகளுக்கு விட்டுப் போக அந்தப் பெயர்தான் இருக்கிறது.

இளைஞர்களுக்கும் ஒன்று. இந்தத் துறையில் மேலே வர ஆசை இருந்தால், ஒரு வருஷமாவது சைட்டில் இருங்கள். ஒரு பில்லை ஆரம்பம் முதல் பணம் வரும் வரை கூடவே நடந்து பாருங்கள். எந்த எம்.பி.ஏ.யிலும் அது கிடைக்காது.

முடிக்கும் முன் நம் முன்னோர்கள் செய்துவைத்த ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தணர் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்க எழுதி வைத்த விதிகள் அவை. குடவோலைப் பெருமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதில் இருக்கும் இரண்டு ஷரத்துகளை அதிகம் பேசுவதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனும் கூடாது. கணக்கு முடித்தாயா, இடைவெளி விட்டாயா என்ற இரண்டு கேள்விகளை ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏரியும் தோட்டமும் பார்க்க ஆள் எடுத்தவர்களுக்கு இருந்த ஜாக்கிரதை, கோடிக்கணக்கில் அரசாங்கப் பணம் புழங்கும் இடத்தில் நமக்கு இருக்க வேண்டாமா?